கிடாரியின் காலில் சேறு

மூடுபனி வகுப்புக்குள் வந்தால் முதலில் நனைவது வெண்கட்டிதான். கரும்பலகையில் இழுத்தால் கீச்சென்று ஓசை மட்டும் வரும், எழுத்து வராது. வந்த எழுத்தும் பலகையின் ஈரத்தில் ஊறிச் சற்று நேரத்தில் மங்கிவிடும். சன்னலுக்குக் கீழே தேயிலைச் சரிவு இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சும் சிரிப்பும், யாரோ யாரையோ கூப்பிடும் குரலும் மிதந்து மிதந்து மேலே வரும். அதோடு ஆலையில் இலை காயும் வாசமும், எங்கள் கம்பளிச் சட்டைகளின் ஈர நெடியும் கலந்து, வகுப்பறையே பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். கேமரன் மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மேலே மேட்டில் நின்ற சிறிய தமிழ்ப்பள்ளி அது. நான் ஐந்தாம் ஆண்டு படித்த வருடத்தின் மழைக்காலத்தை இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அது முழுவதையும் நாங்கள் ஒரே ஒரு கதைக்குள் கழித்தோம் என்றுதான் தோன்றுகிறது.

அந்தக் கதையைக் கொண்டுவந்தவர் லலிதா டீச்சர். தெலுக் இந்தானிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் ஆசிரியை. ஆற்றோரச் சமவெளியில் வளர்ந்தவருக்கு எங்கள் மலைக்குளிர் கடைசிவரை பழகவில்லை. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு துண்டு, காலில் ஆண்கள் போடும் காலுறை என்று அவர் வகுப்புக்குள் வரும்போது, துணிமூட்டை ஒன்று சிரித்துக்கொண்டே நடந்து வருவதுபோல் இருக்கும். அவருடைய அப்பா ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தார். சாமான் மடித்துக் கொடுப்பதற்காக அடுக்கியிருந்த பழைய பத்திரிகைத் தாள்களில் ஒருநாள் அந்தக் கதை டீச்சரின் கண்ணில் பட்டிருக்கிறது. தாளின் மேல்பகுதி கிழிந்துபோயிருந்ததால் கதைக்குத் தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. டீச்சர் அதைத் தன் கையாலேயே எழுதி, பள்ளியின் பழைய உருட்டு இயந்திரத்தில் படி எடுத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஊதா மை கையில் ஒட்டியது. மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தோம்.

சின்னக் கதைதான். மழை பொய்த்த ஓர் ஊர். ஓர் அப்பா, பொன்னி என்று ஒரு மகள், அவர்கள் வளர்க்கும் ஒரு கிடாரிக் கன்று. வீட்டுக் கஷ்டத்தில் கிடாரியை விற்றுவிட முடிவு செய்து, அப்பா விடியற்காலையில் அதைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். பொன்னி வாசலில் நின்று பார்க்கிறாள். பொழுது சாயும்போது அப்பா கிடாரியோடு திரும்பி வருகிறார். "விலை படியவில்லை" என்கிறார். பொன்னி கிடாரியின் கால்களைக் கழுவிவிடுகிறாள். அவ்வளவுதான்.

வகுப்பில் வேகமாகப் படிக்கிறவள் நான். மற்றவர்கள் பாதியில் இருக்கும்போதே முடித்துவிட்டுக் கையைத் தூக்கினேன். அதுவரை எங்களுக்குக் கதை என்றால் கடைசியில் ஒரு நீதி. நீதியைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது, அடுத்த பக்கம். "முயற்சி செய்தும் சில நேரம் தோல்வி வரும், மனம் தளரக் கூடாது டீச்சர்" என்று கடகடவென்று ஒப்பித்தேன்.

டீச்சர் என்னைப் பாராட்டவில்லை, திருத்தவும் இல்லை. "நல்லா இருக்கு கஸ்தூரி. ஆனா கதையில எங்க இருக்கு அது? விரல வச்சுக் காட்டு" என்றார்.

தாளின் மேலிருந்து கீழ்வரை என் விரல் அலைந்தது. நான் சொன்னது அதில் எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வகுப்பின் சட்டம். யார் என்ன சொன்னாலும், "கதையில எங்க இருக்கு?" என்று கேட்பார். சொன்னவர் எழுந்து தாளில் விரலை வைக்க வேண்டும். பொன்னிக்கு அம்மா இல்லை என்றான் குமரேசன். தேயிலை லாரி ஓட்டுபவரின் மகன் அவன், எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சுப் பேசுவான். "எங்க இருக்கு?" என்றார் டீச்சர். "அம்மான்னு ஒரு எழுத்துகூட இல்லியே டீச்சர்" என்றான். அப்படியானால் இல்லாததையும் விரல் வைத்துக் காட்டலாம் போலிருக்கிறதே என்று எங்களுக்கு ஆச்சரியம். ஒருநாள் எல்லாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மழை தகரக்கூரையில் இரைய இரைய, டீச்சர் கதையை வாசித்தார். கண்ணைத் திறந்ததும் அவரவர் பார்த்த வீட்டை வரைந்தோம். எல்லாருடைய வீடும் லயம்போலவே இருந்தது, எல்லாருடைய வானத்திலும் பனி இருந்தது. "மழை பொய்த்த ஊருப்பா அது" என்று டீச்சர் சிரித்தார். மழை எப்படிப் பொய்க்கும் என்பதே எங்களுக்கு விளங்கவில்லை.

எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் தனம் இருந்தாள். தனபாக்கியம் என்பது பெயர், பையன்கள் "கோசோங்" என்றுதான் கூப்பிடுவார்கள். மலாயில் வெறுமை, பூச்சியம். ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டித்தான் அவளால் படிக்க முடியும். நான் ஒரு பக்கம் முடிக்கும் நேரத்தில் அவள் ஒரு வரி முடித்திருப்பாள். அவளும் அவள் அம்மா அஞ்சலையும் எங்களுக்கு அடுத்த லயத்தில் இருந்தார்கள். ஒரு மாடு வைத்திருந்தார்கள். அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். "இந்தத் தீபாவளிக்கு லீவு கெடைக்கல, அடுத்த வருசம் வந்துடுவாரு" என்று அஞ்சலை அக்கா மகளிடம் சொல்லுவார். அந்த மனிதர் அங்கேயே வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டுவிட்டார் என்பதும், இனி வரமாட்டார் என்பதும் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். தாழ்ந்த குரல்தான் எங்கள் காதில் முதலில் விழும்.

ஒருநாள் காலை, நாங்கள் கதையை எத்தனையாவதோ முறை வாசித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து கேள்வி வந்தது.

"டீச்சர், புழுதின்னா என்ன?"

தனம் அதுவரை வகுப்பில் வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. அவள் விரல் கதையின் தொடக்கத்தில் நின்றிருந்தது: "சந்தைக்குப் போகும் பாதையில் கணுக்கால் முங்கப் புழுதி." நாங்கள் எல்லாரும் தாண்டிப் போயிருந்த சொல். இப்போது யோசித்தால், எங்களில் யாருக்கும் அது தெரியாது. எங்கள் மலையில் மண் என்றால் சேறு. காய்ந்த மண்ணை நாங்கள் பார்த்ததே அரிது.

காட்டிவிடலாம் என்று டீச்சர் பலகை துடைக்கும் கட்டையை எடுத்துத் தட்டினார். நனைந்த வெண்கட்டித் தூள் பிசினாக ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அலமாரிக்கு மேலே விரலால் வழித்துப் பார்த்தார், பாசிதான் வந்தது. புழுதியைத் தேடி டீச்சர் வகுப்பெல்லாம் சுற்றியதைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா ஆலையில் தேயிலை சலிக்கும் அறையில் வேலை பார்த்தார். வேலை விட்டு வரும்போது புருவம், இமை, காது மடல் எல்லாவற்றிலும் மாவாகப் படிந்திருக்கும் தேயிலைத் தூசி. தரையில் கால் வைத்தால் பூப்போல் அமுங்கிக் காலெல்லாம் பூசிக்கொள்ளும் என்பார். அதைச் சொன்னேன்.

"அதேதான்! மண்ணு அப்படி இருந்தா அதுதான் புழுதி" என்றார் டீச்சர், தப்பித்த நிம்மதியோடு.

தனம் உட்காரவில்லை. விரலை மெதுவாகத் தாளின் அடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உதடுகள் அசைந்தன. நாங்கள் காத்திருந்தோம்.

"அப்பன்னா டீச்சர், கெடாரி கால்ல எப்படி சேறு வந்துச்சு?"

கதையின் கடைசியில் இருந்தது: "பொன்னி கிடாரியின் கால்களைக் கழுவினாள். சேறு கரைந்து வாசலில் ஓடியது. அவள் எதுவும் கேட்கவில்லை."

சேறு! தினமும் அதில் மிதித்து, அதில் வழுக்கி, அதைச் சுரண்டிவிட்டு வகுப்புக்குள் வருகிற எங்களுக்கு, மாட்டுக் காலில் சேறு என்பது மாட்டுக்குக் கால் இருக்கிறது என்பதைப்போல. நாங்கள் எப்படிப் பார்ப்போம்? ஆனால் தினம் சாயங்காலம் மாட்டுக்குக் கால் கழுவிவிடுகிறவள் தனம். டீச்சர் தன் தாளை எடுத்துப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். "நான் இத எத்தன தடவ படிச்சேன், என் கையாலயே எழுதினேன்..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், குளிரை மறந்து தோளில் இருந்த துண்டை எடுத்து மேசைமேல் போட்டுவிட்டு, தனத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"போற வழியில தண்ணி காட்டியிருப்பாரு" என்றான் குமரேசன்.

"தண்ணி எங்க இருக்கு?" என்றார் டீச்சர்.

இந்த முறை என் விரல் ஓடியது. "ஈரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏரிக்குத்தான் போக வேண்டும்" என்று ஒரு வரி. அதற்கு மேலே இன்னொரு வரி, "கிழக்கே சந்தை, மேற்கே ஏரி." நான் எழுந்து நின்று, "ஏரி இந்தப் பக்கம், சந்த அந்தப் பக்கம் டீச்சர்! அவர் சந்தைக்குப் போகவே இல்ல!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது. அப்பா பொய் சொல்லியிருக்கிறார். கிடாரியை விற்க மனம் வராமல், பகல் முழுக்க ஏரிக்கரையில் அதோடு இருந்துவிட்டு வந்திருக்கிறார். சன்னல் வழியாக வந்த பனி எங்கள் மேசைகளுக்கிடையே மெல்ல நகர்ந்து போயிற்று. நீதியைவிடப் பெரியது எதுவோ அந்தச் சின்னத் தாளுக்குள் இவ்வளவு நாளும் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்ததுபோல் எனக்கு இருந்தது.

அன்று மாலை கதை லயத்துக்கு இறங்கிப் போயிற்று. நான் வீட்டில் சொன்னேன். அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே, "வெல படியலன்னு அந்த மனுசனே சொல்லிட்டாரு. அவரு வாய நம்பாம மாட்டுக் கால நம்புறியா லா?" என்றார், எங்கள் பக்கத்தில் எல்லார் பேச்சிலும் ஒட்டிவரும் அந்த "லா"வோடு. அம்மா அடுப்படியிலிருந்து, "வாய் ஆயிரம் சொல்லும். காலு போன எடத்ததான் சொல்லும்" என்றார். இருவரும் சாப்பிடும்போதும் அதையே பேசினார்கள். குமரேசன் வீட்டிலும் அப்படியே நடந்திருக்கிறது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு முன்னால் எல்லாரும் கூடிப் பெயர் கொடுக்கும் திடலில், பாதிப் பேர் பொன்னியின் அப்பா சந்தைக்குப் போனார் என்றும் பாதிப் பேர் போகவில்லை என்றும் பிரிந்து நின்றார்களாம். அம்மாதான் வந்து சொன்னார். ஆள் கணக்கு எழுதும் கிராணிகூட, "விக்க மனசு வரலன்னு சொல்லிட்டுப் போவட்டுமே, எதுக்குப் பொய்?" என்று கேட்டாராம். "ஆம்பள அப்படிச் சொல்லிடுவானா, கிராணியாரே?" என்று ஒரு பெண் பனிக்குள்ளிருந்து பதில் சொல்ல, திடலே சிரித்திருக்கிறது. எழுத்து அறியாதவர்களும் அந்தக் கதையை வரி வரியாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறும்போது எங்களைக் கண்டால் நிறுத்தி, "ஏ புள்ள, ஏரி எந்தப் பக்கம்னு போட்டிருக்கு? இன்னொரு வாட்டி சொல்லு" என்பார்கள்.

ஆனால் எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. ஆறாம் ஆண்டில் அரசாங்கச் சோதனை என்ற பொதுத்தேர்வு இருந்தது. அதற்கான பயிற்சி நூல்கள் அலமாரியில் அப்படியே கிடந்தன. பிள்ளைகள் தேறாவிட்டால் பள்ளிக்கே ஆபத்து என்று பெரிய சார், எங்கள் தலைமையாசிரியர், கவலைப்பட்டார். நல்ல மனிதர், ஆனால் கவலையிலேயே வாழ்ந்தவர். குமரேசனின் அப்பா நேராகவே வந்து, "ஒரே கதைய எத்தன வாட்டி லா படிக்கிறது? இதுவா சோதனையில வரப் போவுது?" என்று கேட்டுவிட்டார். ஒரு சனிக்கிழமை மதியம், அரைநாள் வேலை முடிந்ததும், பெற்றோர் எல்லாரும் பள்ளிக்கு வரவழைக்கப்பட்டார்கள். நாங்களும் போனோம்.

பெரியவர்கள் எங்கள் சின்ன நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். மழை கொட்டியது. பெரிய சார் பேசினார், குமரேசனின் அப்பா பேசினார். லலிதா டீச்சர் எழுந்து, "ஒரு கதைய ஒழுங்கா பாக்கத் தெரிஞ்சா எல்லாத்தையும் பாக்கத் தெரியும்னு நெனச்சேன்..." என்று தொடங்கி, குரல் கம்மி, பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்துவிடுமோ என்று எங்களுக்குப் பயமாக இருந்தது. அப்போது அஞ்சலை அக்கா எழுந்தார்.

"நான் வேற விசயம் சொல்ல வந்தேன் சார். தனத்த நிப்பாட்டிக்கலாம்னு இருக்கேன். படிப்பு ஏறல. கியா பார்ம்ல இவ அத்தைக்குக் காய்கறிக் கட இருக்கு. போயி கீரை கட்டக் கத்துக்கட்டும். வீட்லயும் சூசாதான், கஷ்டம்."

"தனமா?" என்று லலிதா டீச்சர் மறுபடி எழுந்துவிட்டார். இப்போது குரலில் கம்மல் இல்லை. "தனத்துக்குப் படிப்பு ஏறலையா? அந்தச் சேத்தக் கண்டுபிடிச்சதே அவதாங்க."

அறையில் சலசலப்பு. ஊரையே இரண்டாக்கிய அந்தச் சேற்றைக் கண்டது "கோசோங்" என்பது பெரியவர்களில் பலருக்குத் தெரியாது. அஞ்சலை அக்காவுக்கும் தெரியாது. மகள் வீட்டில் சொல்லவே இல்லை. டீச்சர் தனத்தை முன்னால் அழைத்து, கதையை வாசிக்கச் சொன்னார்.

அவள் வாசித்தாள். அவள் வாசிக்கிற விதத்தில்தான் வாசித்தாள்: விரல் வைத்து, ஒரு சொல், பிறகு ஒரு சொல், நடுவில் மழை. வேறு யாராவது அப்படி வாசித்திருந்தால் பெரியவர்கள் பொறுமை இழந்திருப்பார்கள். ஆனால் அந்தத் தாமதத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு வந்த இடைவெளியில், அப்பா நடப்பதும் கிடாரி பின்னால் வருவதும் வெயில் ஏறுவதும் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. சன்னலில் வெள்ளை அடைத்துக்கொண்டு நின்றது. "அவள் எதுவும் கேட்கவில்லை" என்று முடித்துவிட்டுத் தனம் தாளை மடித்தாள்.

முதலில் பேசியவர், சண்டைக்கு வந்திருந்த குமரேசனின் அப்பாதான். "அப்ப அந்தப் புள்ளைக்குத் தெரியுமா, தெரியாதா? அப்பன் பொய் சொல்றான்னு?"

"தெரியும்" என்றாள் தனம்.

"கதையில எங்க இருக்கு?" என்றான் குமரேசன். வகுப்புப் பழக்கத்தில் அவன் வாயில் வந்துவிட்டது.

தனம் தாளைப் பிரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "எதுவும் கேக்கலன்னு இருக்கு. தெரியாதவங்கதான் கேப்பாங்க. சேத்தப் பாத்துட்டா, அதான் கேக்கல."

"ஏன் கேக்கக் கூடாது?" இது அஞ்சலை அக்காவின் குரல். யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டிருக்கலாம்ல?"

தனம் அம்மாவைப் பார்க்காமல், தாளைப் பார்த்தபடி சொன்னாள்: "கேட்டா அப்பா இன்னொரு பொய் சொல்லணும்மா. பாவம்ல."

என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அஞ்சலை அக்கா முன்னால் போய், மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த ஊதா மையைத் தன் முந்தானையால் துடைத்தார். அது போகவில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். "வா, போலாம்" என்றார். கதவருகே போனவர் திரும்பி, "திங்கக்கெழம அனுப்பிடுறேன் டீச்சரம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரே குடைக்குள் இருவரும் படியிறங்கிப் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்தோம். கொஞ்ச தூரத்தில் குடை பனியாகிவிட்டது.

அடுத்த வாரத்தில் ஒருநாள் மாட்டுக்கொட்டகையில் தனம் என்னிடம் சொன்னாள். "அம்மா எல்லாத்தயும் சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு லீவு கெடைக்காம இல்லியாம்." "அழுதீங்களா?" என்று கேட்டேன். "மொதல்ல அழுதோம்" என்றாள். "அப்புறம் பசிச்சிச்சு. தோச சுட்டோம்."

பெரிய சார் ஒரு வழி கண்டார். மற்ற நாளெல்லாம் பயிற்சி நூல். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் மட்டும் டீச்சரின் கதைக்கு. அந்த வருடம் முடிவதற்குள் வேறு சில கதைகளும் படித்தோம், அவற்றிலும் விரல் வைத்தோம். ஆனால் எதுவும் அந்த ஊதாத் தாள்போல் லயத்துக்கு இறங்கிப் போகவில்லை. தனம் ஆறாம் ஆண்டுச் சோதனையில் பெரிதாக ஒன்றும் வாங்கிவிடவில்லை, தேறினாள், அது போதுமாயிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் தானா ராத்தா இடைநிலைப்பள்ளிக்குப் போனோம். லலிதா டீச்சர் சில வருடங்களில் மாற்றலாகி, குளிர் இல்லாத ஏதோ ஓர் ஊருக்குப் போய்விட்டார். திருமணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். அதற்கு மேல் செய்தி இல்லை.

இப்போது நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்க்கிறேன். அந்தக் கதையை எழுதியவர் யாரென்று நூலகங்களில் தேடியிருக்கிறேன், பழைய பத்திரிகை சேர்ப்பவர்களிடம் கேட்டிருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் இருந்த தாளும் வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது. சென்ற விடுமுறையில் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைகள் குறைந்து பள்ளி டவுனுக்கு மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் வகுப்பறையில் உர மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். சரிவில் கொழுந்தை இயந்திரம் வெட்டிக்கொண்டு போகிறது; அதன் இரைச்சலில் பேச்சுக் குரல் எதுவும் மேலே வருவதில்லை. லயத்தில் இப்போது வேலைக்கு வந்த வங்காளதேசத்து இளைஞர்களும் நேப்பாளத்து இளைஞர்களும் தங்கியிருக்கிறார்கள், மரியாதையானவர்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். எங்கள் சனங்கள் ஈப்போவுக்கும் சிலாங்கூருக்கும் தானா ராத்தா அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் கோலா தெர்லாவில் இறங்கினேன். அங்கே தனமும் அவள் கணவரும் சாமந்தித் தோட்டம் வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைகள்; உள்ளே போனால் வெளிச்சமே வெள்ளையாக, பனிக்குள் நிற்பதுபோல் இருந்தது. அஞ்சலை அக்கா போன வருடம் காலமானதைப் பற்றிப் பேசினோம். பிறகு நான், "அந்தக் கத ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

தனம் பூக்களைக் கட்டுவதை நிறுத்தவில்லை. "ஏன் இல்லாம? அம்மா படுத்த படுக்கையா இருந்தப்பகூட அதப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தோம். எனக்கு ஒண்ணுதான் வெளங்கவே இல்ல கஸ்தூரி. சாயங்காலம் வரைக்கும் அந்த அப்பா ஏரிக்கரையில என்னதான் பண்ணியிருப்பாரு? சோறு கொண்டு போனாருன்னு எங்கயும் எழுதல. பசிச்சிருக்குமே."

வெளியே காய்கறி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கதையை மனத்தில் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன், சோறு இல்லைதான். ஒரு காலத்தில் இதை அம்மாவிடம் சொன்னால் போதும், விடிந்ததும் திடலே இரண்டாகப் பிரிந்து, அவர் சாப்பிட்டார் என்று ஒரு பக்கமும் பட்டினி கிடந்தார் என்று ஒரு பக்கமும் கூடையோடு நின்று சண்டை போடும். இன்றைக்கு அந்தக் கதையில் அப்படி ஒரு அப்பா இருந்தார் என்பது தெரிந்தவர்களில், அந்த வெள்ளை வெளிச்சத்தில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"ஏரியில மீன் இருந்திருக்கும்" என்றேன்.

"எங்க இருக்கு?" என்றாள் தனம்.